100-ல் 94 குழந்தைகள் தப்பிப் பிறக்கின்றன, தெரியுமா?

ஒரு லட்சம் கோடி! ஹெபடைடிஸ் சி வைரஸ் குடியேறிய ஒரு மனித உடலில் ஒரே நாளில் ஏறக்குறைய இத்தனை வைரஸ் துகள்கள் புதிதாகப் பிறக்கின்றன என்று 1998-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். இப்போது அந்த உடல் ஒரு கர்ப்பிணியுடையது என்று நினைத்துப் பாருங்கள். நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் மிக மிக அருகில் ஓடுகின்றன. நடுவே இருப்பது மெல்லிய திசுப் படலம் மட்டும்தான். மாதக்கணக்கில் இப்படியே! கடைசியில் பிரசவம் வேறு, ரத்தமும் நீருமாக. இவ்வளவையும் தாண்டி, தொற்று உள்ள தாய்மார்களுக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் எத்தனை பேருக்கு வைரஸ் ஒட்டிக்கொள்கிறது தெரியுமா? சுமார் 6 பேருக்கு! மீதி 94 குழந்தைகளும் அந்த வெள்ளத்தில் நனையாமல் வெளியே வந்துவிடுகிறார்கள்.

எப்படி? முழு ரகசியமும் இன்னும் பிடிபடவில்லை. ஆனால் நஞ்சுக்கொடி சும்மா தொங்கும் திரை இல்லை என்பது உறுதி. தொற்றுள்ள தாய்மாரின் நஞ்சுக்கொடியை எடுத்துப் பார்த்தபோது, அங்குள்ள ‘இயற்கைக் கொல்லி’ வகை எதிர்ப்பு அணுக்கள் வழக்கத்தைவிட மும்முரமாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வாசலிலேயே காவல்! தாய்க்கு எச்.ஐ.வி.யும் சேர்ந்து இருந்தால் மட்டும் இந்தக் காவல் தளர்கிறது. ஆபத்து கிட்டத்தட்ட இருமடங்காகி 100-க்கு 11 என்ற அளவை எட்டுகிறது. இன்னொரு பக்கம், தாயின் ரத்தத்தில் வைரஸே ஓடாமல், பழைய தொற்றின் அடையாளமாக எதிர்ப்பொருள் மட்டும் இருந்தால், குழந்தைக்குப் போவதற்கு அங்கே எதுவுமே இல்லை.

இந்த வைரஸுக்கு 1989 வரை முகமே கிடையாது, தெரியுமா? ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஏனோ கல்லீரல் அழற்சி வருகிறது. சோதித்தால் ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை. அமெரிக்காவில் ஹார்வி ஆல்டர் 1970-களில் இதைத் துரத்தத் தொடங்கினார். 1989-ல் மைக்கேல் ஹௌட்டன், குய்-லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகியோர் கைரான் நிறுவனத்தில் வைரஸின் மரபணுத் துண்டைப் பிடித்தார்கள். நோயை உண்டாக்க இந்த வைரஸ் ஒன்றே போதும் என்று 1997-ல் நிரூபித்தார் சார்ல்ஸ் ரைஸ். ஆல்டர், ஹௌட்டன், ரைஸ் மூவருக்கும் 2020-ல் நோபல் பரிசு. சூவும் குவோவும் அந்தப் பட்டியலில் இல்லாதது எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான்.

ஆனால் முகம் தெரிவதற்கு முன்பே இந்த வைரஸ் பிரசவ வார்டுக்குள் புகுந்து ஆடிய ஆட்டம் ஒன்று உண்டு. அதுவும் குழந்தைகளைக் காப்பாற்றுவதற்காகப் போடப்பட்ட ஊசியின் வழியாக!

ஆன்டி-டி ஊசி தெரியும் இல்லையா? தாய்க்கு ஆர்.எச். நெகட்டிவ் ரத்தம், பிள்ளைக்கு பாசிட்டிவ் என்றால், பிரசவம் முடிந்து 72 மணி நேரத்துக்குள் போடுவார்களே, அதுதான். அதைப் போடாவிட்டால் தாயின் உடல் எதிர்ப்பொருளை உருவாக்கி வைத்துக்கொண்டு, அடுத்து வரும் குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கும். எத்தனையோ குழந்தைகளின் உயிரைக் காத்த அருமையான கண்டுபிடிப்பு. இது மனித ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து தயாராகிறது. வினை அங்கேதான் வந்தது.

அயர்லாந்தில் 1970-களில் அந்நாட்டு ரத்த மாற்று வாரியமே இந்த ஊசியைத் தயாரித்துவந்தது. அதற்காகப் பிளாஸ்மா எடுக்கப்பட்டவர்களில் ஒருவர் சிகிச்சையில் இருந்த ஒரு கர்ப்பிணி. 1976-ன் கடைசியில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது தெரிந்தும் அவருடைய பிளாஸ்மா ஒதுக்கப்படவில்லை. 1977 தொடங்கி அதிலிருந்து தயாரான மருந்து, அப்போதுதான் குழந்தை பெற்றிருந்த இளம் தாய்மாரின் உடலுக்குள் போனது. அதுவரை அவர்கள் எல்லாரும் ஆரோக்கியமானவர்கள். அதன் பிறகு பலர் களைப்பு, மூட்டுவலி என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் காரணம் தெரியவில்லை.

இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது என்ன தெரியுமா? 1991-ல் ரத்த தானம் செய்பவர்கள் எல்லாருக்கும் ஹெபடைடிஸ் சி சோதனை தொடங்கியது. கார்க் நகரில் ரத்த சேவையின் பொறுப்பில் இருந்த மருத்துவர் ஜோன் பவர், தொற்று கண்டுபிடிக்கப்பட்ட பெண்களில் ஆர்.எச். நெகட்டிவ் பெண்கள் அதிகமாக இருப்பதைக் கவனித்தார். போதை ஊசியும் கிடையாது, ரத்தம் ஏற்றியதும் கிடையாது. பிறகு எப்படி என்று தோண்டினார். எல்லாரையும் இணைத்த ஒரே நூல், ஆன்டி-டி! 1994 பிப்ரவரியில் செய்தி வெளியானது. நாடே அதிர்ந்தது. 1970 முதல் 1994 வரை அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட பெண்களை எல்லாம் அழைத்தார்கள். 62,667 பேர் பரிசோதிக்கப்பட்ட நிலையில் 704 பேருக்குத் தொற்றின் சுவடு தெரிந்தது. அவர்களில் 390 பேரின் ரத்தத்தில் வைரஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டானகல் பகுதியைச் சேர்ந்த, 12 குழந்தைகளின் தாயான பிரிஜிட் மெக்கோல் நீதி கேட்டு வழக்குத் தொடர்ந்தார். வழக்கு விசாரணைக்கு வருமுன்னே, 1996 அக்டோபரில் அவர் இறந்துபோனார். பிறகு அமைந்த ஃபின்லே விசாரணை ஆணையம் 1997-ல் எல்லாவற்றையும் பதிவு செய்தது.

கிழக்கு ஜெர்மனியிலும் இதே கதை, தெரியுமா? 1978-79-ல் வைரஸ் கலந்த ஆன்டி-டி மருந்து 2,800-க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் செலுத்தப்பட்டது.

இந்த இரண்டு துயரங்களும் மருத்துவ உலகத்துக்கு ஒரு பேருண்மையைக் கொடுத்தன. ஹெபடைடிஸ் சி என்றைக்குத் தொற்றியது என்பது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. இந்தப் பெண்களுக்கோ நாள் கிழமையோடு தெரியும்! அயர்லாந்தில் தொற்று ஏறி 17 ஆண்டுகள் கழித்து 363 பெண்களின் கல்லீரலை ஆராய்ந்தபோது, 98 சதவீதம் பேருக்கு அழற்சி இருந்தது; ஆனால் கல்லீரல் சுருக்கம் வரை போனவர்கள் 2 சதவீதம் மட்டுமே. இளம்வயதுப் பெண்ணின் உடலில் இந்த வைரஸ் எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று உலகம் அறிந்தது அந்தத் தாய்மாரால்தான். (இன்று ஆன்டி-டி மருந்து வைரஸை அழிக்கும் படிகளைத் தாண்டித்தான் வருகிறது. ஆர்.எச். நெகட்டிவ் தாய்மார்கள் இதைப் படித்துவிட்டுத் தயவுசெய்து அந்த ஊசியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்!)

கர்ப்பம் வந்ததும் வைரஸுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு விசித்திரமான சமாதானம் ஏற்படுகிறது, தெரியுமா? சூல் வளர வளர, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏ.எல்.டி. நொதியின் அளவு ரத்தத்தில் இறங்குகிறது. சோதனைச் சீட்டைப் பார்ப்பவர் ‘பரவாயில்லையே’ என்று மகிழ்வார். அதே வேளையில் வைரஸின் அளவோ ஏறிக்கொண்டே போய், கடைசி மூன்று மாதங்களில் உச்சத்தைத் தொடுகிறது! பாதி அந்நியமான ஒரு உயிரைத் தாங்குவதற்காகத் தாயின் எதிர்ப்புச் சக்தி தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது; கல்லீரலைப் புண்ணாக்கும் சண்டை ஓய்கிறது, அந்த ஓய்வில் வைரஸ் பெருகுகிறது. பிள்ளை பிறந்ததும் காட்சி தலைகீழ். சண்டை மறுபடி தொடங்கி நொதி ஏறுகிறது, வைரஸ் சரிகிறது. சில தாய்மாருக்கு, ஏறக்குறைய 10-ல் ஒருவருக்கு, பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் வைரஸ் மருந்தே இல்லாமல் முழுவதும் மறைந்துவிடுகிறது. பல ஆண்டுகள் குடியிருந்த வைரஸ்! பிரசவமே வைத்தியமானது போல!

அதற்காகக் கர்ப்பகாலத்தில் கவலையே இல்லை என்று அர்த்தமில்லை. குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, கர்ப்பகாலச் சர்க்கரை ஆகியவை தொற்றுள்ள பெண்களிடம் கூடுதலாகத் தெரிகின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இவற்றில் எவ்வளவு வைரஸின் வேலை, எவ்வளவு வறுமை, புகை, போதைப் பழக்கம் போன்ற பக்கக் காரணங்களின் வேலை என்று பிரித்தெடுப்பது கடினம். ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது, அது கர்ப்பகாலப் பித்தத் தேக்கம். கல்லீரலிலிருந்து பித்தம் சரியாக வடியாமல் பித்த அமிலம் ரத்தத்தில் ஏறுவது இது. தொற்றுள்ள கர்ப்பிணிகளிடம் இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அடையாளம் என்ன தெரியுமா? அரிப்பு! உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கி, இரவானால் தூங்கவிடாமல் படுத்தும் அரிப்பு. தோலில் தடிப்பு எதுவும் இருக்காது. ‘மாசமா இருந்தா வயிறு அரிக்கத்தான் செய்யும், எண்ணெய் தடவு’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வயிற்றுத் தோல் விரியும்போது வரும் அரிப்பு வேறு, இது வேறு. பித்த அமிலம் மிக அதிகமாக ஏறினால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்து உண்டு. அதனால் கை கால் அரிக்கிறது என்று கர்ப்பிணி சொன்னால், அன்றைக்கே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

இன்னொரு அதிசயம். சிசேரியன் செய்தால் குழந்தைக்குத் தொற்று குறையும் என்றுதானே நினைப்போம்? குறைவதில்லை! எச்.ஐ.வி.யில் சில சூழல்களில் பலன் தரும் அந்த வழி, ஹெபடைடிஸ் சி-யில் பலன் தந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆகவே இந்த வைரஸுக்காக மட்டும் கத்தி எடுக்க வேண்டியதில்லை என்பதே மருத்துவ வழிகாட்டுதல். பார்க்க வேண்டியவை வேறு: பனிக்குடம் உடைந்த பிறகு பிரசவம் வெகுநேரம் இழுக்காமல் இருப்பது, குழந்தையின் தலையில் மின்முனை குத்தி இதயத் துடிப்பைப் பார்ப்பதைத் தவிர்ப்பது. அதாவது குழந்தையின் தோலில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்வது. அவ்வளவுதான்.

இத்தனையிலும் என் மனத்தை முழுவதும் பறித்த செய்தி தாய்ப்பால். தொற்றுள்ள தாய் பால் கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம்! பால் குடித்த குழந்தைகளுக்கும் குடிக்காத குழந்தைகளுக்கும் தொற்று விகிதத்தில் வேறுபாடு இல்லை. இத்தனைக்கும் சில தாய்மாரின் பாலில் வைரஸின் ஆர்.என்.ஏ. தென்படத்தான் செய்கிறது. பிறகு ஏன் தொற்றவில்லை? ஜெர்மனியில் ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் சி வைரஸைத் தாய்ப்பாலில் போட்டுப் பார்த்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். வைரஸ் செயலிழந்து போனது! மற்ற விலங்குகளின் பாலில் போட்டார்கள்; ஒன்றும் ஆகவில்லை. மனிதத் தாயின் பாலுக்கு மட்டுமே அந்த வல்லமை! எந்தப் பகுதியில் ஒளிந்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால், மேலே மிதக்கும் கொழுப்பில். தாய்ப்பாலில் இருக்கும் லைப்பேஸ் நொதி அந்தக் கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களை விடுவிக்கிறது; அந்த அமிலங்கள் வைரஸின் கொழுப்பு உறையைக் கிழித்துவிடுகின்றன. உறை போனால் வைரஸ் வெறும் கூடு. குழந்தை செரிப்பதற்காக வைத்த நொதி, குழந்தைக்குக் காவலாகவும் நிற்கிறது! மார்புக் காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும் நிறுத்த வேண்டும், ஏனென்றால் ரத்தத்தில் வைரஸ் உண்டு. அந்த நாட்களில் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, புண் ஆறியதும் மறுபடி கொடுக்கலாம். ‘இவளுக்குத் தொற்று, பால் கொடுக்கக் கூடாது’ என்று ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் கொடுமை இனி எந்த வீட்டிலும் நடக்க வேண்டாம்.

பிறந்த குழந்தைக்குச் சோதனை செய்தால் ‘பாசிட்டிவ்’ என்று வருவது பெரும்பாலும் நோயே இல்லை, தெரியுமா? தாய் தன் எதிர்ப்பொருட்களை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுத்தனுப்புகிறாள். தட்டம்மைக்கு எதிரானது, டெட்டனஸுக்கு எதிரானது, இவற்றோடு ஹெபடைடிஸ் சி-க்கு எதிரானதும் போகிறது. அது குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரைகூடத் தங்கும். எதிர்ப்பொருள் சோதனை அதைத்தான் பார்த்துக் கூவுகிறது. எத்தனை பெற்றோர் அந்த ஒரு சீட்டைப் பார்த்து நொறுங்கிப்போயிருப்பார்கள்! தொப்புள்கொடி ரத்தத்தையும் நம்ப முடியாது. தாயின் ரத்தம் அதில் கலந்திருக்கலாம். முன்பெல்லாம் 18 மாதம் முடியட்டும், எதிர்ப்பொருள் சோதனை செய்யலாம் என்று காத்திருந்தார்கள். அதற்குள் பல குழந்தைகள் மருத்துவமனைப் பக்கமே வராமல் போய்விட, கணக்கிலிருந்தே விழுந்தார்கள். அதனால் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-ல் வழக்கத்தை மாற்றியது. 2 முதல் 6 மாதத்துக்குள், தடுப்பூசிக்கு வரும்போதே, வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. சோதனையைச் செய்துவிடுங்கள் என்றது. ஒரே சோதனையில் விடை!

தொற்று ஒட்டுவதில் பெண் குழந்தைக்கும் ஆண் குழந்தைக்கும் வேறுபாடு உண்டு என்றால் நம்புவீர்களா? ஐரோப்பாவின் பல நாடுகளில் தாய்-சேய் இணைகளைப் பின்தொடர்ந்த குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளுக்குத் தொற்று ஏறக்குறைய இருமடங்காக இருந்தது. காரணம் இன்றும் புதிர்தான்!

சரி, அந்த 6 குழந்தைகள்? அவர்களுக்கும் நல்ல செய்தி இருக்கிறது. தொற்றிய குழந்தைகள் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லாமல் மற்ற குழந்தைகளைப் போலவே தவழ்ந்து, நடந்து, வளர்கிறார்கள். பலருக்கு வைரஸ் தானாகவே போய்விடுகிறது. நாலில் ஒரு குழந்தைக்கு இப்படி நீங்கும் என்று பழைய கணக்குகள் சொல்லின. ஐரோப்பியத் தரவுகளை மறுபடி அலசி 2023-ல் வெளியான கணக்கோ, 5 வயதுக்குள் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நீங்கிவிடுகிறது என்கிறது! அப்படியும் நீங்காதவர்களுக்கு 3 வயதிலிருந்து மருந்து உண்டு. இந்த வைரஸின் எல்லா வகைகளுக்கும் பொருந்தும் மருந்துகளுக்கு அமெரிக்கா 2021-ல் இந்த வயதிலிருந்து அனுமதி தந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. மாத்திரையை விழுங்கத் தெரியாத பிஞ்சுகளுக்காகக் குருணை வடிவில்கூட வந்திருக்கிறது. 8 முதல் 12 வாரம். 100-ல் 95-க்கும் மேற்பட்டோர் முழுக் குணம். பழைய இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்தில் பல மாதக் காய்ச்சலும் முடி உதிர்தலுமாகப் பட்ட பாட்டை நினைத்தால் இது எவ்வளவு பெரிய விடுதலை!

அந்தப் பழைய சிகிச்சையின் இன்னொரு பாதியான ரிபாவிரின் மாத்திரை கருவைக் குலைத்துவிடும். அதைத் தாய் சாப்பிட்டால் மட்டும்தான் ஆபத்து என்றில்லை, தந்தை சாப்பிட்டாலும் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். மருந்து முடிந்து 6 மாதம் வரை! இன்றைய மாத்திரைகளில் அந்தக் கேடு காணப்படவில்லை. ஆனாலும் கர்ப்பகாலத்தில் வழக்கமாகக் கொடுக்கும் அளவுக்குப் போதிய தரவு இன்னும் சேரவில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் மிகச் சில கர்ப்பிணிகளுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வு 2020-ல் நம்பிக்கையூட்டும் முடிவைத் தந்தது. அதைவிடப் பெரிய ஆய்வுகள் அதன் பின்னே தொடங்கின. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயைக் குணமாக்கிவிட்டால், அந்த 6 என்ற எண்ணே பூஜ்யத்தை நோக்கி இறங்கும்!

மஞ்சள் காமாலை என்றதும் நம் ஊரில் கை நேராகக் கீழாநெல்லிக்குப் போகும். ஆனால் ஹெபடைடிஸ் சி பெரும்பாலும் கண்ணை மஞ்சளாக்குவதே இல்லை, தெரியுமா? 20, 30 ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் உண்மையில் முதலில் அஞ்ச வேண்டியது ஹெபடைடிஸ் இ. கெட்ட தண்ணீர் வழியாக வருவது, கடைசி மூன்று மாதத்தில் தாயின் உயிரையே பறிக்கக்கூடியது. பச்சிலை அரைத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் நேரம் இல்லை அது, மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சி வைரஸோ சோதித்தால் மட்டுமே தெரியும். சுத்தம் செய்யாத ஊசி, டயாலிசிஸ், சோதிக்காத ரத்தம், பச்சை குத்துதல் என்று அது வரும் வழிகள் பல. ‘எப்படி வந்தது?’ என்று ஒரு மருமகளைக் குறுக்கு விசாரணை செய்பவர்கள் எகிப்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே நத்தைக் காய்ச்சலை ஒழிக்க அரசே 1950-களிலிருந்து ஊர் ஊராகப் போட்ட ஊசிகள்தான் உலகிலேயே மிக அதிகமான ஹெபடைடிஸ் சி பரவலை உண்டாக்கின! அதே எகிப்து 2018-19-ல் கிட்டத்தட்ட 5 கோடிப் பேரைச் சோதித்து, இலவச மருந்து கொடுத்து, 2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தங்கத் தரச் சான்றையும் பெற்றது.

அமெரிக்காவில் 1998-க்கும் 2018-க்கும் இடையே கர்ப்பிணிகளிடம் இந்தத் தொற்று 16 மடங்கு ஏறியது. போதை மருந்து நெருக்கடியின் பின்விளைவு அது. அதனால் 2020 முதல் ஒவ்வொரு கர்ப்பத்தின்போதும் எல்லாப் பெண்களுக்கும் சோதனை என்ற பரிந்துரை அங்கே வந்தது. நம்மூரில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி பார்க்கிறார்கள். சி பல இடங்களில் இன்னும் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை, கேட்டுச் செய்துகொள்ளலாம். ஏனென்றால் 2018 ஜூலை 28 முதல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மருந்தும் இந்தியாவில் இலவசம்! சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் என்ற இரண்டு மாத்திரைகள். கல்லீரல் சுருக்கம் இல்லாதவருக்கு 12 வாரம் போதும்.

முடிந்தால் கருத்தரிக்கும் முன்பே, இல்லாவிட்டால் பிரசவத்துக்குப் பிறகு, மருத்துவர் சொல்லும் நேரத்தில் இந்த 12 வாரத்தை முடித்துவிடலாம். மருந்து நிறுத்தி மேலும் 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. சோதனையில் வைரஸ் இல்லை என்று வந்தால், குணம்தான். ஆனால் குணமான பிறகும் எதிர்ப்பொருள் சோதனை ‘பாசிட்டிவ்’ என்றுதான் காட்டும், தெரியுமா? பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுவதும்! அடுத்த பிரசவத்துக்குச் சேரும்போது யாராவது அதைப் பார்த்துப் பதறிவிடாமல் இருக்க, கர்ப்பகால அட்டையோடு அந்த ஆர்.என்.ஏ. அறிக்கையின் நகலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.